அம்மாவின் பிடி அரிசித் தூக்கு: உங்கள் வீட்டிலும் இருந்ததா?

#1 பரவனாறு

அம்மா போய் இன்றோடு 41 நாள். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு, போன வாரம்தான் சமையலறையை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். மேடைக்குக் கீழே அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் அம்மாவின் பிடி அரிசித் தூக்கு இருந்தது. இரண்டு படி பிடிக்கும் எவர்சில்வர் தூக்கு. ஒரு பக்கம் காது கழன்று, அப்பா கம்பி வைத்துக் கட்டியது. திறந்தால் முக்கால் தூக்குக்கு மேல் அரிசி, அதன் மேல் ஒரு வசம்புத் துண்டு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் குறிஞ்சிப்பாடிக்குப் பக்கம். அம்மா உலை வைக்க அரிசி அளந்ததும், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து, "அருட்பெருஞ்ஜோதி" என்று சொல்லித் தூக்கில் போடுவாள். டிரம்மிலிருந்து நேராக எடுத்துப் போடக் கூடாது. அப்படிப் போட்டால் வீட்டில் யாருக்கும் எதுவும் குறையாது, அளந்ததிலிருந்து எடுத்தால்தான் நம் சோற்றிலிருந்து கொடுத்ததாக ஆகும் என்பாள். மாதா மாதம் பூசத்தன்று தூக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வடலூர் போய், பசித்தவர்களுக்குச் சோறு போடுகிற வள்ளலார் தருமசாலையில் கொடுத்துவிட்டு ஜோதி பார்த்து வருவாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

கையை விட்டுத் தோண்டிப் பார்த்தேன். மேலே பொன்னி. கீழே ரேஷன் புழுங்கல். இன்னும் அடியில் பச்சரிசி கொஞ்சம், அது சரஸ்வதி பூஜைக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்த அன்று போட்டதாக இருக்கும். அந்த வீட்டு அடுப்பில் என்றைக்கு என்ன வெந்தது என்று தூக்கைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மேலே இருக்கிற பொன்னி நான் போட்டது. அம்மா படுத்த பிறகு கடைசி மூன்று வாரம் நான்தான் சமைத்தேன். கட்டிலில் இருந்தபடியே ஒவ்வொரு உலைக்கும் கேட்பாள்: "பிடி போட்டியா?" போட்டேன் என்பேன். சில நாள் போடாமலே போட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். மாத்திரை, கஞ்சி, ஆஸ்பத்திரிக்குப் போன் என்று ஓடிக்கொண்டிருந்த நேரம். மறந்துவிட்டு, திரும்பப் போய்ப் போடவும் சோம்பல்பட்டு, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டல்தான் இப்போது என்னை வாட்டுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் ஏழாவது படிக்கும்போது ஒரு ஐப்பசி வெள்ளத்தில் எங்கள் நெல் முழுக்கத் தண்ணீரில் படுத்துவிட்டது. தை வரைக்கும் வீட்டில் கஷ்டம். ஒரு நாள் டிரம் காலி, தூக்கு நிறைய அரிசி. அம்மா தூக்கைத் தொடவில்லை. எதிர்வீட்டு அத்தையிடம் ஒரு படி கடன் வாங்கி வந்தாள். அந்தக் கடன் அரிசியை அளந்து, அதிலிருந்தும் ஒரு பிடி தூக்கில் போட்டாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அம்மாவுக்கு இருந்த பக்தி எனக்கு இல்லை. கோயிலுக்குப் போவேன், கும்பிடுவேன், அவ்வளவுதான். இந்த அரிசியை என்ன செய்வது? அம்மா செய்ததை, அம்மாவின் நம்பிக்கை இல்லாத நான் தொடரலாமா? உங்கள் வீடுகளில் இப்படி ஏதாவது இருந்திருந்தால் சொல்லுங்கள்.

#2 தேரிக்காடு

உங்கள் எழுத்தைப் படித்ததும் எங்கள் ஆச்சி கண் முன்னால் வந்து நின்றாள், தங்கச்சி. எங்கள் ஊர் நாசரேத் பக்கம், சி.எஸ்.ஐ. சபை. ஆச்சி தூக்குக்குப் பதிலாகப் பனை ஓலைப்பெட்டி வைத்திருந்தாள். நாங்கள் கைப்பிடி அரிசி என்போம். சபைப் பெண்கள் வாரத்துக்கு ஒரு தரம் பெரிய பெட்டியோடு வீடு வீடாக வருவார்கள். எல்லா வீட்டு அரிசியும் அதில் ஒன்றாகிவிடும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலிலேயே ஏலம். எங்கள் அப்பா ஒவ்வொரு முறையும் கடை விலையைவிடக் கூடக் கேட்டு எடுத்துவிடுவார். அன்றைக்கு வீட்டில் அந்தக் கலப்பரிசிச் சோறுதான். ஒன்று குழைந்திருக்கும், ஒன்று நறுக்கென்று நிற்கும். குறை சொல்ல ஆச்சி விடமாட்டாள்.

அந்தப் பணம் மிஷன் வேலைக்குப் போகும். 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது, அதன் ஊழியர்கள் முதலில் போனது தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பக்கம். ஆச்சி சாத்தான்குளத்தைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் ராத்திரி குடும்ப ஜெபத்தில் முழங்காலில் நின்று "தோர்ணக்கல் பிள்ளைகளை ஆசீர்வதியும் ஆண்டவரே" என்று தவறாமல் சொல்வாள். சின்னப் பையன்களான எங்களுக்குத் தூக்கம் சொக்கும். தோர்ணக்கல் என்றால் பரலோகத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஓர் ஊர் என்றே நினைத்திருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்து டெல்லிக்குப் போகும்போது, விஜயவாடா தாண்டி ஒரு ராத்திரி விழித்துப் பார்த்தேன். வண்டி நின்ற இடத்தில் பலகை: தோர்ணக்கல் ஜங்ஷன். டீ விற்கிறவர், மூட்டைமேல் தூங்குகிற ஆள், மஞ்சள் விளக்கு. இறங்கி நின்றுவிட்டு, வண்டி நகரும்போதுதான் ஏறினேன். ஆச்சி இறந்து அப்போது ஆறு வருஷம்.

உங்கள் கேள்விக்கு: தொடருங்கள். ஆச்சி ஜெபம் பண்ணினாள், நான் பாதி நாள் தூங்கினேன். ஆனாலும் அந்தப் பெட்டியில் அரிசி போட என்னையும்தான் அனுப்பினாள்.

#3 அடையாறு 20

அக்கா, மனசு வருத்தப்பட வைக்கக் கூடாது என்று இரண்டு தடவை அழித்து எழுதுகிறேன். அந்த வெள்ளத்து வருஷத்துக் கதைதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. வீட்டில் ஏழாவது படிக்கிற பிள்ளை பசியோடு நிற்கிறது, பக்கத்தில் தூக்கு நிறைய அரிசி. சாமிக்கு என்று வைத்ததைத் தொடக் கூடாது என்று கடன் வாங்கப் போவது சரியா? பிள்ளையின் பசியும் பசிதானே?

அப்புறம் இன்னொரு விஷயம். 2011 ஜூனிலிருந்து நம் ஊரில் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. இன்றைக்கு ஒருவருக்கு அரிசியைவிட மருந்துக்கோ, பிள்ளை படிப்புக்கோ பணம் கொடுப்பதுதான் உதவி என்று நினைக்கிறேன். நான் மாதாமாதம் சம்பளம் வந்த அன்றே ஒரு தொகையை போனிலேயே அனுப்பிவிடுகிறேன். அதுவும் பிடி அரிசிதானே?

#4 கடலோரம்

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் உம்மம்மா வீட்டிலும் பிடியரிசி உண்டு, கீழக்கரைப் பக்கம். பிஸ்மி சொல்லித்தான் கை வைப்பார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு மதரஸாப் பிள்ளைகள் இரண்டு பேர் சாக்கோடு வருவார்கள். பத்து வயசுப் பையன்கள், தலையில் தொப்பி, வெயிலில் முகம் கறுத்திருக்கும். உம்மம்மா அரிசியைக் கொட்டிவிட்டு அவர்கள் கையில் ஆளுக்கொரு தொதலோ, வாழைப்பழமோ கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள்.

நோன்பு மாதத்தில் பகலில் உலை கிடையாது. சஹருக்கு மூன்று மணிக்கு எழுந்து அரிசி களையும்போது பிடி போடுவார்கள். வீடே இருட்டு, அடுக்களையில் மட்டும் சிம்னி வெளிச்சம், டப்பாவில் அரிசி விழுகிற சத்தம். எனக்கு நோன்பு என்றதும் முதலில் நினைவு வருவது அந்தச் சத்தம். கஞ்சி வாசனைகூட அதற்கு அப்புறம்தான்.

தம்பி அடையாறு, ஜகாத் என்பது கணக்குப் போட்டுக் கொடுப்பது, நூற்றுக்கு இரண்டரை. அது கடமை, அதைப் பணமாகத்தான் எங்கள் வாப்பா கொடுப்பார்கள். பெரும்பாலும் அது ஆம்பிளைகள் கையில் இருந்தது. உம்மம்மா கையில் ஒரு காசு தங்கியதில்லை. அவர்கள் கைக்கு எட்டியது அரிசிப் பானைதான். அதிலிருந்து யாரையும் கேட்காமல் கொடுக்க அவர்களுக்கு முடிந்தது. நீங்கள் அனுப்புகிற பணத்தைக் குறைத்துச் சொல்லவில்லை, அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்ளட்டும்.

சகோதரி, அம்மாவிடம் சொன்ன பொய்யை நினைத்து உங்களைக் கரைத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் மனம் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் வந்தது. ஒரு சின்ன விஷயம்: வண்டு வந்திருந்தால் கடும் வெயிலில் காயவைக்காதீர்கள், அரிசி நொறுங்கிவிடும். நிழலில் பரப்பி, முறத்தில் புடைத்தால் போதும்.

#5 வண்ணார்பண்ணை

நான் இப்போது ஸ்காபரோவில் இருக்கிறேன். அடையாறுத் தம்பியின் கேள்விக்கு எங்கள் அம்மம்மா ஒரு பதில் வைத்திருந்தா. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் சைவப் பள்ளிக்கூடங்களுக்குப் பிடியரிசி சேர்க்கிற வழக்கம் முன்பு இருந்தது. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினதற்குப் பிறகு, ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்கள் எழும்பின காலத்துக் கதைகளை அம்மம்மா தன்ர தாய் சொல்லக் கேட்டிருக்கிறா. பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்த பிறகும் அவ விடவில்லை. சுளகில் குத்தரிசி கொழித்து முடிய ஒரு பிடி எடுத்து, வெள்ளைச் சீலைப் பை ஒன்றில் போடுவா. கோயில் அன்னதானத்துக்கோ, தாலி அறுத்துத் தனிய இருக்கிற ஒருத்திக்கோ அது போகும்.

1995 ஒக்டோபர் 30. யுத்தம் நெருங்க, யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க ஒரே இரவில் ஊரை விட்டு எழும்பினது. அம்மா எங்கட பிறப்புச் சான்றிதழ்களையும் நகையையும் எடுத்தா. அம்மம்மா அந்தப் பையை எடுத்தா. மழை. நாவற்குழிப் பாலத்தடியில் ஓரடி வைக்க அரை மணித்தியாலம். எனக்குப் பத்து வயசு. அம்மம்மாவின் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அவ பையை நெஞ்சோடு அணைத்து, அதன் மேல் ஒரு பொலித்தீனைச் சுத்தி வைத்திருந்தா.

தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஆறு குடும்பம். மூன்றாம் நாள் கையில் இருந்த பாணும் முடிந்துவிட்டது. அம்மா பையைப் பார்த்தா, ஆனால் கேட்கப் பயம். அம்மம்மாவே முடிச்சை அவிழ்த்தா. "இல்லாத சனத்துக்கு எண்டுதானே போட்டனான். இப்ப ஆர் இல்லாத சனம்? நாங்கள்தானே" என்று சொன்னா. மூன்று கல் வைத்து, வாங்கின பானையில் கஞ்சி காய்ச்சினா. முதலில் மற்ற ஐந்து குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வார்த்தா. கடைசியாக எனக்கும் தங்கச்சிக்கும் வந்தது. உப்பு இல்லை. அந்தச் சிரட்டையின் சூடு இப்பவும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

அடுத்த வருஷம் ஊருக்குத் திரும்பினோம். வீட்டுக்குக் கூரை இல்லை. அம்மம்மா முதல் உலை வைத்த அன்றே ஒரு பிடிக்கு இரண்டு பிடியாகப் போடத் தொடங்கினா. "எடுத்ததைக் குடுக்க வேணும்" என்று. எத்தனை மாதம் அப்படிப் போட்டா என்று எனக்கு நினைவில்லை.

ஆகவே தம்பி, தொடவே கூடாது என்று எங்கட வீட்டில் இருக்கவில்லை. எப்போது தொடலாம் என்பதை அவதான் அறிஞ்சிருந்தா. பரவனாறு அக்காவின் அம்மாவும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். எதிர்வீட்டில் ஒரு படி அரிசி கடன் கிடைக்கும் வரைக்கும் தான் இல்லாத சனம் இல்லை என்று அவ எண்ணியிருக்கலாம்.

#6 கணக்கு வாத்தியார்

முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அம்மா, நீங்கள் எத்தனை பிடி விட்டுப்போயிற்று என்று தெரியாமல்தான் தவிக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. தெரியாத கடன்தான் அதிகம் கனக்கும். அளந்து பார்த்துவிடலாமே.

என் மனைவியை ஒரு பிடி அள்ளச் சொல்லிச் சமையல் தராசில் வைத்தேன், 40 கிராம் வந்தது. ஒரு நாளைக்கு இரண்டு உலை என்றால் 80 கிராம், மாதத்துக்கு 2 கிலோ 400. வருஷத்துக்கு 29 கிலோவுக்கு மேல். உங்கள் அம்மா நாற்பது வருஷம் போட்டிருந்தால் ஒரு டன்னைத் தாண்டும். பஸ்ஸில் ஒரு தூக்காக, ஒரு தூக்காகப் போன அரிசி.

தூக்கில் இருப்பதை நிறுத்துப் பாருங்கள். அம்மா கடைசியாக வடலூர் போன தேதி, நீங்கள் சமைக்கத் தொடங்கிய தேதி இரண்டும் வேண்டும்.

#7 பரவனாறு

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வண்ணார்பண்ணை, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுத் திண்ணைக்குப் போய் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

அப்பாவைப் பற்றிச் சொல்லவில்லை இல்லையா. அவர் கறுப்புச் சட்டைக்காரர். சாமி கிடையாது, திதி கிடையாது. அம்மாவோடு ஒரு நாளும் ஞான சபைக்குள் போனதில்லை. ஆனால் பூசத்தன்று தூக்கைச் சைக்கிளில் மாட்டி பஸ் நிறுத்தம் வரை கொண்டுவிடுவார். அவள் திரும்பி வந்ததும் ஒரே கேள்வி: "அடுப்பு எரியுதா?" வள்ளலார் 1867 மே 23 அன்று தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை, பார்வதிபுரத்து ஜனங்கள் கொடுத்த எண்பது காணி நிலத்தில்தான் அதெல்லாம் எழும்பியது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அப்பாதான்.

தம்பி அடையாறு, உங்கள் கோபம் எனக்கும் பல வருஷம் இருந்தது. நேற்று அப்பாவிடமே கேட்டேன். "எனக்கும்தான் அன்னைக்குப் பசி" என்றார். "ஒரு தடவ எடுத்திருந்தா அடுத்த மாசமும் எடுத்திருப்போம். அப்புறம் அதுவும் நம்ம டிரம்தான். அவ அளந்து போட்டது நம்ம அரிசி இல்லம்மா, வேற யாரோடதோ. நம்ம வீட்ல வச்சிருந்தா, அவ்வளவுதான்."

வாத்தியார் ஐயா, நிறுத்தேன். 2 கிலோ 480 கிராம். அம்மா கடைசியாக வடலூர் போய் வந்ததிலிருந்து போகும் நாள் வரை 38 நாள். முதல் 17 நாள் அவள் சமைத்தாள், அது 34 பிடி. பிறகு 21 நாள் நான், 42 பிடி போட்டிருக்க வேண்டும். என் பிடி 38 கிராம். அம்மா பிடிக்கு எங்கே போவது? என் மகளுக்கு அப்படியே அம்மாவின் கை. குட்டை விரல், சின்ன உள்ளங்கை. அவளை அள்ளச் சொன்னேன், மூன்று தடவையும் 32 கிராமை ஒட்டியே வந்தது.

#8 கணக்கு வாத்தியார்

34 × 32 = 1,088. 42 × 38 = 1,596. மொத்தம் 2,684 இருக்க வேண்டும். இருப்பது 2,480. குறைவது 204 கிராம். உங்கள் கையால் ஐந்து பிடி, சந்தேகத்துக்கு ஒன்று சேர்த்தால் ஆறு.

42 பிடியில் 36 போட்டிருக்கிறீர்கள் அம்மா. அந்த மூன்று வாரத்தில்.

#9 பரவனாறு

ஆறு பிடி. இன்று ராத்திரியிலிருந்து போடுகிறேன் ஐயா. அளந்ததிலிருந்து.

#10 சந்தன வீரன்பட்டி

ராணுவத்தில் இருந்தபோது மிசோரத்தில், ஐஸ்வாலில் இரண்டு வருஷம் இருந்தேன். அங்கே மிசோ வீடுகளில் இதே பழக்கத்தைப் பார்த்து அசந்துபோனேன். புஃபாய் தாம் என்கிறார்கள், ஒரு பிடி அரிசி என்றுதான் அர்த்தம். 1910 இலிருந்து பிரஸ்பிடீரியன் சபைப் பெண்கள் நடத்துகிறார்கள். நாங்கள் டீ குடிக்கப் போகிற வீட்டு அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் டப்பா வைத்திருப்பார். அவர் பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் அரிசியை எடுத்து டப்பாவில் விடும்போது கையை விரிக்கிற விதம் அப்படியே எங்கள் ஊர்ப் பெரியம்மா விரிப்பதுதான். புரட்டாசிச் சனிக்கிழமை கோவிந்தா போட்டு வருகிற பிள்ளைகளின் செம்பில் பெரியம்மா அரிசி போடுவது அப்படித்தான் இருக்கும்.

#11 அடையாறு 20

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். கடலோரம் அக்கா சொன்ன "கைக்கு எட்டியது அரிசிப் பானைதான்" என்பது நான் யோசிக்காத ஒன்று. எங்கள் பாட்டி கையிலும் பணம் இருந்ததில்லை.

பணம் அனுப்புவதை நிறுத்தப்போவதில்லை, அது தேவை என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஆனால் போன மாதம் யாருக்கு அனுப்பினேன் என்று யோசித்தால் சட்டென்று நினைவு வரவில்லை. அதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

#12 பரவனாறு

மார்கழிப் பூசத்துக்குப் போய் வந்தோம். "தோம்" என்று எழுதுகிறேன், ஏனென்றால் அப்பாவும் வந்தார். பஸ் நிறுத்தத்தில் தூக்கை என் கையில் கொடுப்பார் என்று நினைத்தேன், கொடுக்கவில்லை. அவரே ஏறி மடியில் வைத்துக்கொண்டார்.

கடலோரம் அக்கா சொன்ன மாதிரி முந்தின நாள் நிழலில் பரப்பிப் புடைத்தேன். வண்டு இரண்டு மூன்றுதான் இருந்தது. ஆறு பிடியும் சேர்ந்து தூக்கு கழுத்துவரை வந்துவிட்டது.

தருமசாலையில் வாங்கிக்கொண்டவர் தூக்கைச் சாக்குக்குள் சாய்த்து அடியைத் தட்டினார். பொன்னி, ரேஷன், பச்சரிசி எல்லாம் போய் மற்றவர்கள் அரிசியோடு கலந்துவிட்டது. வசம்பும் கூடவே விழுந்தது. அவர் அதைத் தேடி எடுத்து, ஊதி, "இது உங்களுது" என்று திருப்பிக் கொடுத்தார். அப்பா அடுப்பைப் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தார். கைகட்டி நின்றார், கும்பிடவில்லை. பிறகு இரண்டு பேரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இலையில் சோறு விழுந்ததும், அம்மா நாற்பது வருஷம் இங்கே கொண்டுவந்து கொடுத்த சோறு இது என்று நினைத்தேன். சாப்பிட முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். அப்பா என் இலைப் பக்கம் தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

தூக்கைச் சென்னைக்கு எடுத்து வரலாம் என்றுதான் இருந்தேன். அப்பா அதைத் துலக்கிப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டார், உள்ளே அந்த வசம்பையும் போட்டு. இப்போது அவரே சமைத்துக்கொள்கிறார். ஒரு ஆள், ஒரு வேளைக்கு ஒரு ஆழாக்கு அரிசி. அதில் ஒரு பிடி எடுத்தால் உங்களுக்கு என்ன மிஞ்சும், வேண்டாம்ப்பா என்று நேற்று போனில் சொன்னேன்.

"பிடியெல்லாம் இல்லம்மா, மூணு விரல்லதான் எடுக்கிறேன்" என்றார்.